முதல் படகுக்கு அயனிப் பலகையா, பிளைவுட்டா?

கேள்வி: மார்த்தாண்டத்துக்கு அருகே வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். எங்கள் புரையிடத்தில் நின்ற பெரிய அயனி மரம் சென்ற மாதக் காற்றில் சாய்ந்துவிட்டது. அதை அறுத்துப் பலகையாக்கி, 14 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள, மரக்கூரை வைத்த மோட்டார் படகு ஒன்றை நானே கட்ட விரும்புகிறேன். மேசை, அலமாரி செய்யும் அளவுக்குத் தச்சு வேலை தெரியும், படகு கட்டியதில்லை. 25 குதிரைத்திறன் உள்ள பழைய எஞ்சின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. படகை வீட்டுக் கொட்டகையில் வைத்துக்கொண்டு, விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக் குழித்துறைத் தாமிரபரணியில் தேங்காய்ப்பட்டணம் வரை போய்வர ஆசை. கடலிலும் சிறிது தூரம் போகலாமா? பலகை நல்லதா, பிளைவுட் நல்லதா? எந்தப் பசை வாங்க வேண்டும்? எவ்வளவு காலம் ஆகும்?

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் மரத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால், படகை வீட்டுக் கொட்டகையில் வைப்பேன் என்று இடையில் எழுதிய ஒரு வரிதான் என் பதிலைத் தீர்மானித்தது. பலகைகளை அடுத்தடுத்து வைத்துக் கட்டும் படகு தண்ணீரிலேயே கிடக்க வேண்டிய படகு. பலகை நீரைக் குடித்து ஊதும்போதுதான் இரண்டு பலகைகளுக்கு இடையிலுள்ள மூட்டு இறுகி நீரை மறிக்கும். அதே படகை மாதக்கணக்கில் கொட்டகையில் வைத்தால், மாசி, பங்குனி வெயிலில் பலகை சுருங்கி மூட்டுகள் வாய் திறக்கும். பேரப்பிள்ளைகள் வந்த அன்று ஆற்றில் இறக்கினால் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே தண்ணீர் நிற்கும். நம் கரையில் கயிற்றால் தைத்துக் கட்டிய வள்ளங்கள் பல ஆண்டுகள் உழைத்ததற்கு, அவை ஓயாமல் தொழிலுக்குப் போய்வந்ததும், கொல்லாங்கொட்டை எண்ணெயோ மீன் எண்ணெயோ பூசி, தையல் இற்றபோதெல்லாம் பிரித்துத் தைத்து அவற்றைப் பேணியதும் காரணங்கள். அந்தப் பராமரிப்பு விடுமுறைப் படகுக்குக் கிடைக்காது. கொட்டகையில் வைக்காமல் காயலிலேயே கட்டிப்போடலாமே என்று தோன்றலாம். உப்பு கலந்த நீரில் மரத்தைத் துளைக்கும் புழு இருக்கிறது; பூச்சு விட்ட ஓரிடம் கிடைத்தாலும் அது உள்ளே புகுந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

ஆகவே உங்கள் படகுக்கு உடலைப் பிளைவுட்டில் கட்டுங்கள். இது இந்தக் கரைக்குப் புதிய வழியும் இல்லை. 1980களில் பியர் ஜில்லே என்ற பெல்ஜியப் பொறியாளர் முட்டத்தில் மீனவர்களோடு சேர்ந்து பிளைவுட் படகுகளைக் கட்டத் தொடங்கியபோது கையாண்டது, பிளைவுட் தகடுகளைக் கம்பியால் தைத்து, மூட்டுகளை ரெசின் என்ற பிசினாலும் ஃபைபர் எனும் கண்ணாடியிழையாலும் ஒட்டும் முறைதான். வடிவத்துக்கு வெட்டிய தகடுகளின் விளிம்பில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் தைத்து நிறுத்தினால், தகடுகள் தாமே வளைந்து படகின் உருவத்துக்கு வந்து நிற்கும். வங்குக்கால்களை, அதாவது படகின் விலா எலும்பு போன்ற சட்டங்களை, முதலில் நிறுத்தி அவற்றின்மேல் ஒவ்வொரு பலகையாக இழைத்துப் பொருத்தும் ஆசாரியின் கைத்திறன் இதற்குத் தேவையில்லை. அலமாரி செய்தவருக்கு உள்ள அளவுத்துல்லியமும் பொறுமையும் போதும். முதல் முறை கட்டுபவருக்கு நான் வேறு முறையைச் சொல்வதே இல்லை.

பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 என்ற தர எண் பொறித்த கடற்பயன் பிளைவுட்டையே கேளுங்கள். ஐ.எஸ். 303 என்பது வீட்டுச் சாமான் செய்யும் தகட்டுக்குரிய எண். அது வாட்டர்ப்ரூஃப் என்று கடைக்காரர் சொன்னாலும் படகுக்கு ஆகாது. உங்கள் பகுதியில் ரப்பர் மரத்தில் செய்த தகடு மலிவாகக் கிடைக்கும். ரப்பர் மரத்தைப் பூஞ்சையும் பூச்சியும் விரைவில் பிடிக்கும் என்பதைத் தோட்டக்காரராகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முத்திரையை மட்டும் நம்பாமல், ஒரு தகட்டை வாங்கி, அதிலிருந்து உள்ளங்கை அளவுத் துண்டுகள் நாலைந்தை வெட்டிக் கொதிநீரில் போடுங்கள். தர விதியில் உள்ள கொதிநீர்ச் சோதனை 72 மணி நேரம். உங்கள் அடுப்பில் ஒரு பகல் முழுவதும் கொதிக்கவைத்து, நிழலில் உலர்த்தி, மறுபடியும் கொதிக்கவைத்தாலே அடுக்கு பிரியும் தகடு பிரிந்துவிடும். துண்டின் விளிம்பையும் உற்றுப் பாருங்கள். உள்ளடுக்குகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால், நீர் ஓடிச் சேர அது ஒரு வாய்க்கால். உங்கள் அளவுப் படகுக்கு அடித்தளம் 9 மில்லிமீட்டர், பக்கங்கள் 6 மில்லிமீட்டர், எஞ்சின் மாட்டும் பின்பலகை 18 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டி 36 மில்லிமீட்டர் என்பது நான் வழக்கமாகக் கையாளும் கனம். நீங்கள் வாங்கும் வரைபடம் வேறு கனம் சொன்னால் வரைபடத்தையே பின்பற்றுங்கள்.

சாய்ந்த அயனி வீணாகாது. அயனியைப்போல நீரைத் தாங்கும் மரம் நம் மாவட்டத்தில் குறைவு. மேல்விளிம்புக் கட்டை, அடியில் மணலில் உரசும் ஏராக்கட்டை, இருக்கைத் தாங்கிகள், பின்பலகையைத் தாங்கும் முழங்கால் கட்டைகள் ஆகிய அனைத்துக்கும் அதையே பயன்படுத்துங்கள். ஆனால் சென்ற மாதம் விழுந்த மரம் இன்னும் பச்சை. ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு நிழலில் உலர வேண்டும் என்பது பழைய கணக்கு. பச்சை மரத்தின்மேல் பசை பிடிக்காது. பிடித்ததுபோல் தெரிந்தாலும், மரம் சுருங்கும்போது விட்டுவிடும். முக்கால் அங்குலச் சட்டங்களாக அறுத்தால் காத்திருக்கும் காலம் குறையும்.

அடுத்தது வரைபடம். இந்த முறையில் படகு வடிவமைப்பவர்கள் விற்கும் வரைபடங்கள் பல கிடைக்கின்றன. ஒன்றை விலை கொடுத்து வாங்கி, அதில் எதையும் மாற்றாமல் கட்டுங்கள். நீளத்தை ஓரடி கூட்டலாமே, பக்கத்தைச் சற்று உயர்த்தலாமே என்ற எண்ணம் கட்டாயம் வரும். படகில் ஓர் அளவு மாறினால் மிதக்கும் மட்டமும் சாயும் தன்மையும் சேர்ந்து மாறும். வீட்டு அலமாரியில் ஓர் அங்குலம் கூட்டுவதைப்போல அதை எண்ணக்கூடாது. தகட்டில் ரம்பம் வைக்கும் முன்பு, வரைபடத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிக் கெட்டி அட்டையில் வெட்டி, ஒட்டுத்தாள் கொண்டு சேர்த்து ஒரு மாதிரி செய்து பாருங்கள். 14 அடிப் படகு ஏறத்தாழ 17 அங்குல மாதிரியாக வரும். எந்தத் தகடு எதனோடு எப்படிச் சேர்கிறது என்பது அந்த மாதிரியில் உங்கள் விரலுக்குப் புரிந்துவிடும்.

தகட்டின் நீளம் 8 அடிதான் என்பதால் இரண்டைச் சேர்க்க வேண்டும். இரு விளிம்புகளையும் ஒன்றுக்கு எட்டு என்ற விகிதத்தில் சரிவாக இழைத்து ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு ஒட்டுவது சரியான மூட்டு. 6 மில்லிமீட்டர் தகட்டுக்கு 48, 9 மில்லிமீட்டர் தகட்டுக்கு 72 மில்லிமீட்டர் சரிவு வரும். கூரிய இழைப்புளியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இதற்குப் போதும். தைத்து முடித்தபின், பசை பூசும் முன்பு, படகு முறுக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், நடுவிலிருந்து பின்பலகையின் இரு மூலைகளுக்கும் நூல் பிடித்தால் இரண்டு நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். படகின் குறுக்கே முன்னும் பின்னும் ஒவ்வொரு நேர்ச்சட்டத்தை வைத்து ரசமட்டம் பார்த்தால் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் முறுக்கைக் கையால் திருத்திவிடலாம். பசை இறுகிய பிறகு முறுக்கு நிலைத்துவிடும். அந்தப் படகு ஆயுள் முழுவதும் ஒரு பக்கம் இழுக்கும்.

பசையைப் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் கட்டும் படகுகள் பெரும்பாலும் கெடும் இடம் இதுதான். நம் படகுத்துறைகளில் உள்ள ஃபைபர் வள்ளங்களுக்குப் பயன்படுவது பாலியெஸ்டர் ரெசின். முழுதும் ஃபைபரால் ஆன வள்ளத்துக்கு அது பொருத்தமானது. மரத்தின்மேல் அதன் பிடிப்பு குறைவு. ஈரமும் வெயிலும் மாறிமாறித் தாக்கும்போது ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும். விலை பல மடங்கு கூடினாலும் உங்கள் மூட்டுகளுக்கு, ரெசினும் ஹார்டனர் என்ற இறுக்கியும் கலந்து பயன்படுத்தும் எப்பாக்ஸிப் பசையே வேண்டும். அதனோடு நெய்த ஃபைபர் துணியையும் துணி நாடாவையும் பயன்படுத்துங்கள். ஃபைபர் வள்ளத்துக்கு விற்கும் ‘மேட்’ என்ற நெய்யாத இழைவிரிப்பில் இழைகளைப் பிணைத்திருக்கும் பொருள் பாலியெஸ்டரில் கரைவதற்காகச் சேர்த்தது. எப்பாக்ஸியில் அது கரையாது, மேட் சரியாக நனையாமல் விறைத்து நிற்கும்.

எப்பாக்ஸியில் ஹார்டனரைக் கூட்டினால் விரைவில் இறுகும் என்று நினைப்பது தவறு. குறித்த விகிதத்துக்குக் கூடினாலும் குறைந்தாலும் அது முழுதாக இறுகாது. ஆகவே கண்மதிப்பில் ஊற்றாமல், சமையலறைத் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒரு கோப்பை நிறையக் கலந்து வைத்தால் சில நிமிடங்களில் கொதித்துப் புகையும். 200 கிராமுக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்காமல், கலந்த உடனே அகன்ற தட்டில் பரப்பிவிடுங்கள். உள்மூலைகளுக்கு அதில் சலித்த மரத்தூளைச் சேர்த்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்துக்குக் குழைத்து, உருண்டையான மரக்கரண்டியின் முதுகால் வழித்து, அதன்மேல் நாடாவை ஒட்ட வேண்டும். கையுறை இல்லாமல் தொடவே தொடாதீர்கள். தொடக்கத்தில் ஒன்றும் செய்யாத பசை, ஒருநாள் ஒவ்வாமையாக மாறினால் அதன்பின் வாழ்நாள் முழுவதும் அதன் அருகே போக முடியாது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் அதனாலேயே தொழிலை விட்டார். பிள்ளைகளை மணல் தாள் தேய்க்கும் வேலைக்குக்கூட அந்தத் தூசிக்குள் விடாதீர்கள்.

ஈரக்காற்றைப் பற்றி என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, ஒரு பட்டறையில், ஆடிமழைக்கு நடுவே ஒரு படகின் அடிவிளிம்பு முழுவதும் நாடா ஒட்டினேன். மறுநாள் காலை மேற்பரப்பில் மெழுகு தடவியதுபோல் ஒரு படலம் இருந்தது. அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த அடுக்கை ஒட்டி வண்ணமும் பூசிக் கொடுத்துவிட்டேன். நாலு மாதத்தில் இரண்டாவது அடுக்கு தோலைப்போல் உரிந்து வந்தது. ஈரமான காற்றில் எப்பாக்ஸி இறுகும்போது அந்தப் படலம் உண்டாகும்; வெறும் தண்ணீரும் தேய்ப்பு நாரும் கொண்டு கழுவி, உலர்ந்தபின் மணல் தாளால் தேய்த்தால் முற்றிலும் போய்விடும். அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. படகின் சொந்தக்காரர் அதைக் கடலில் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் எனக்கு இன்றும் இருக்கிறது. ஆகவே மழை நாளில் பசை வேலை செய்யாதீர்கள், ஒவ்வொரு அடுக்குக்கு முன்பும் கழுவுங்கள். எல்லாம் முடிந்தபின், வெயில் எப்பாக்ஸியைக் கெடுக்கும் என்பதால், மேலே நல்ல வண்ணப்பூச்சும் வேண்டும். திருகாணிகள் 316 தரத் துருப்பிடிக்கா எஃகில் இருக்கட்டும். பித்தளை உப்புநீரில் நாளடைவில் நொறுங்கும்.

இனி எஞ்சின். 25 குதிரைத்திறன் எஞ்சினை வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். அமெரிக்கக் கடலோரக் காவற்படை சிறு படகுகளுக்கு வகுத்துள்ள விதி ஒன்றை நான் கைக்கணக்காக வைத்திருக்கிறேன். தட்டை அடியுடன், கையால் திருப்பும் எஞ்சின் பொருத்திய படகுக்கு, நீளத்தையும் பின்பலகையின் அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்கி, அதில் பாதியிலிருந்து 15ஐக் கழிக்க வேண்டும். 14 அடி நீளமும் 4 அடிப் பின்பலகையும் என்றால் 13 வருகிறது. மேல்நோக்கி முழுமையாக்கினாலும் 15ஐத் தாண்டாது. ஆற்றில் பேரப்பிள்ளைகளோடு போவதற்கு 9.9 போதும், அது எடையும் சுமார் 40 கிலோவுக்குள் அடங்கும். 25 எஞ்சின் 50 கிலோவைத் தாண்டும், அத்தனையும் படகின் கடைசி அங்குலத்தில் தொங்கும்.

எடையை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். உங்கள் அளவுப் படகின் நீர்மட்டப் பரப்பு சுமார் 3.7 சதுர மீட்டர் என்று கொண்டால், ஒவ்வொரு 37 கிலோவுக்கும் படகு ஒரு சென்டிமீட்டர் அமிழும். படகு 150, எஞ்சின் 40, எரிபொருள் 20, நால்வர் 260, நங்கூரமும் பிறவும் 30 என மொத்தம் 500 கிலோவுக்குப் பதின்மூன்று, பதினான்கு சென்டிமீட்டர் அமிழ்வு. இது நல்ல கணக்குத்தான். ஆனால் எடை படகில் சமமாகப் பரவியிருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். எஞ்சின், அதை ஓட்டுபவர், எரிபொருள் தொட்டி மூன்றும் அமரத்திலேயே, அதாவது பின்முனையிலேயே, சேர்ந்தால் அணியம் வானத்தைப் பார்க்கும், பின்பலகை நீரைத் தொடும். தொட்டியை நடுவுக்கு முன்னே வையுங்கள். எஞ்சின் கைப்பிடிக்கு நீட்டிப்புக் குழாய் பொருத்தி ஓட்டுபவரை ஓரடி முன்னே உட்கார வையுங்கள். ஆட்களின் எண்ணிக்கைக்கும் அமெரிக்காவில் ஓர் எளிய கணக்கு உண்டு: நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி 15ஆல் வகுப்பது. உங்களுக்கு 4.67 வரும், அது நாலு பேர்.

14 அடிப் படகு நீரைப் பிளந்து செல்லும் வரை மணிக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்கு மேல் போகாது; அதற்குமேல் வேகம் வேண்டுமானால் அது நீரின்மேல் எழும்பிச் சறுக்க வேண்டும், அதற்கு எடை குறைய வேண்டும். ஆற்றுக்கு அந்த 9 கிலோமீட்டரே இனிய வேகம் என்பது என் கருத்து. எஞ்சினை வாங்கிய பிறகே பின்பலகையின் உயரத்தை வெட்டுங்கள். எஞ்சினின் தண்டு (ஷாஃப்ட்) சிறியதானால் சுமார் 15 அங்குலம், நீண்டதற்கு 20 அங்குலம்; ஐந்து அங்குலம் தவறினால் விசிறி காற்றை இழுக்கும் அல்லது தண்டு மணலில் இடிக்கும். நம் கரையில் கைமாறும் பழைய எஞ்சின்கள் பல மண்ணெண்ணெயில் ஓடியவை. மெக்கானிக் ஒருவரை அழைத்துப்போய் உள்ளே உப்புத் தங்கியிருக்கிறதா என்று பார்த்தபின் பணம் கொடுங்கள்.

மரக்கூரையைக் கைவிடுங்கள். தலைக்குமேல் உள்ள ஒவ்வொரு கிலோவும் படகைக் கவிழ்க்கும் பக்கம் வேலை செய்யும். பக்கக்காற்றுக்கும் அது பாய்போல நிற்கும். நிழல் வேண்டுமானால் நாலு இலகுவான குழாய்களில் கழற்றக்கூடிய துணி போதும்.

படகு நீர் நிறைந்தாலும் மூழ்கக் கூடாது, நிமிர்ந்தே மிதக்க வேண்டும். அதற்கு அணியத்திலும், அமரத்தின் இரு பக்கங்களிலும் இருக்கைகளுக்குக் கீழே அடைத்த அறைகள் வையுங்கள். ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். மொத்தம் 150 லிட்டருக்குக் குறையாமல், பாதிக்குமேல் பின்பக்கம் இருக்கட்டும். அறை ஓட்டையானாலும் காற்று தங்குவதற்கு, மூடியிறுக்கிய வெற்றுத் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி நிரப்புவது எளிய வழி. தெர்மாகோல் வைத்தால் பெட்ரோல் பட்ட இடத்தில் கரைந்துவிடும். கட்டி முடித்தபின், இடுப்பளவு நீரில், எஞ்சினுக்குப் பதிலாக 40 கிலோ மணல் மூட்டையைப் பின்பலகையில் கட்டி, படகை வேண்டுமென்றே நீரால் நிரப்பிப் பாருங்கள். அது நிமிர்ந்து மிதப்பதைக் கண்ணால் பார்த்தபிறகு மட்டுமே பிள்ளைகளை ஏற்றுங்கள். ஏறும் எல்லோருக்கும் உயிர்காப்பு உடையும், படகில் இரண்டு துடுப்பும், ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறும் வேண்டும்.

கடலுக்குப் போகலாமா என்ற கேள்விக்கு, இந்தப் படகில் வேண்டாம் என்பதே பதில். தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் அலை எழும்பும் இடத்தில், பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்த மீனவர்களே உயிரிழந்திருக்கிறார்கள். காற்றே இல்லாத தெளிந்த நாளில் தொலைதூரக் கடலிலிருந்து வந்து மோதும் கள்ளக்கடலையும் நம் கரை அறியும். பொழிமுகத்துக்குச் சற்று முன்பே திரும்பிவிடுவது என்று இப்போதே ஓர் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆற்று நீர் கடலை நோக்கி இழுக்கும் நேரத்தில் அந்த எல்லையை இன்னும் மேலே தள்ளுங்கள். உள்நாட்டு நீரில் ஓடும் இயந்திரக் கலங்களுக்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தில் ஆய்வும் பதிவும் சொல்லப்பட்டிருக்கின்றன. மரத்தில் பணம் போடும் முன்பே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து வழியைக் கேட்டுவிடுங்கள். பிறகு எப்போதாவது கிழக்கே போக நினைத்தால், சுசீந்திரம் தேரூர் ஈரநிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்தது. அங்கும் மணக்குடிக் கண்டல் பக்கமும் வனத்துறையைக் கேட்காமல் எஞ்சின் ஓசை எழுப்பக் கூடாது. பறவைகள் நம்பி வந்து இறங்கும் நீர் அது.

காலத்தைப் பொறுத்தவரை, முதல் முறை கட்டுபவருக்கு ஏறத்தாழ 200 மணி நேர வேலை என்று நான் கணிப்பேன். மாலைகளும் ஞாயிறுகளும் மட்டும் என்றால் ஏழெட்டு மாதம். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. பசை வேலை முழுவதையும் தை முதல் சித்திரைக்குள் முடிக்கும்படி திட்டமிடுங்கள். அதுவரை உள்ள மாதங்களில் அட்டை மாதிரி, வரைபடம், விண்ணப்பம், எஞ்சின் தேடல் எல்லாம் நடக்கும். இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டு. கொட்டகையின் வாசலையும் வீட்டுக் கேட்டையும் அளந்து, 5 அடி அகலப் படகு அந்த வழியே வெளியேறுமா என்று பாருங்கள். அயனித் தடியை மழையில் கிடக்கவிடாமல் மில்லுக்குக் கொண்டுபோய் அறுத்து, தரையிலிருந்து ஓரடி உயரத்தில், சட்டங்களுக்கு நடுவே ஒரே கனமுள்ள குச்சிகளை இரண்டடிக்கு ஒன்றாக வைத்து, முனைகளில் வண்ணம் பூசி, காற்றோடும் நிழலில் அடுக்கிவிடுங்கள்.